பொன்னம்மாளின் கட்டிலும் களக்காட்டுக் குழியும்: டோனாவூரில் கேட்டபடி கிடைக்காத ஜெபங்கள்

திருநெல்வேலிப் பக்கம் ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களுக்கு ஏமி கார்மைக்கேலின் நீலக்கண் கதை தெரியாமல் இருக்காது. பின்னாளில் தமிழ்நாட்டுக்கு மிஷனரியாக வந்தவர் அவர். வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடலோர ஊரில் 1867 டிசம்பரில் பிறந்தவர். அம்மாவுக்கு இருப்பதைப்போலத் தனக்கும் நீலக் கண் வேண்டும் என்று மூன்று வயதில் ஜெபம்பண்ணிவிட்டுப் படுக்கிறார். விடிந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிக் கண்ணாடியில் பார்க்கிறார். அதே பழுப்புக் கண். பல வருடம் கழித்து, தமிழ்நாட்டில் சேலை கட்டி, காப்பிப்பொடியால் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு, வெள்ளைக்காரி என்று தெரியாமல் கோயில் பக்கம் போய்வர அந்தப் பழுப்புக் கண்தான் கைகொடுத்தது. ஆகவே பிள்ளைகளே, ‘இல்லை’ என்பதும் கர்த்தருடைய பதில்தான். இப்படி முடியும் கதை.

நல்ல கதைதான். ஆனால் கேட்டுக் கிடைக்காமல் போனவற்றில் இது மிகச் சுலபமானது. காரணம் பின்னால் தெரிந்துவிட்டது, லாபமும் கையில் வந்துவிட்டது. இதையே கேட்டு வளர்ந்தவர்கள், பதில் வராத ஒவ்வொரு ஜெபமும் என்றைக்காவது வட்டியோடு திரும்பி வரும் கடன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் புற்றுநோய் வார்டில் மகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கணக்கும் ஒத்துவருவதில்லை. வசனம் பொய்யா, என் விசுவாசம் பொய்யா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

ஏமியின் வாழ்க்கையிலேயே இதைவிடக் கடினமான இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. பிரசங்க மேடையில் அவை அதிகம் வருவதில்லை. ஒன்று 1913 முதல் 1915 வரை நடந்தது. இன்னொன்று 1931-ல் தொடங்கி அவர் சாகும்வரை நீடித்தது. இரண்டிலும் “ஏன்” என்பதற்கு விடை கிடைக்கவில்லை. விசுவாசம் மட்டும் நின்றது. எப்படி நின்றது என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

ஜெபத்தை நம்பி உலை வைத்த வீடு

ஏமி இந்தியாவுக்கு வந்தது 1895-ல். திருநெல்வேலியில் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியின் உதவியோடு தமிழ் கற்றார். தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். 1901 மார்ச் மாதம், பண்ணைவிளையில் இருந்தபோது, கோயிலுக்கென்று விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குள் சிறு பிள்ளைகள் எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பது அவள் வாயிலாகத்தான் ஏமிக்கு விளங்கியது. அதன்பின் ஊர் ஊராகப் போகும் வேலை நின்று, திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் பிள்ளைகள் வளரும் ஒரு பெரிய வீடு உருவானது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பிள்ளைகள் நூறைத் தாண்டிவிட்டார்கள்.

இந்த வீட்டைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர்கள் வைத்திருந்த ஒழுங்கு. தேவையை ஜெபத்தில் சொல்வார்கள். வருவதை வைத்து நடத்துவார்கள். அரிசி, பால், கட்டடம், வேலையாட்களின் சம்பளம் எல்லாமே அப்படித்தான். எனவே அங்கே ஜெபம் என்பது ஞாயிற்றுக்கிழமை விஷயமாக இருக்கவில்லை. கேட்டது வரவில்லை என்றால் அடுப்பங்கரையில் தெரிந்துவிடும். ஜெபத்துக்குப் பதில் உண்டு என்பதை அன்றாடம் கண்ணால் பார்த்து வாழ்ந்த கூட்டம் அது. கீழே வரும் நிகழ்வுகளின் கனம் இதில்தான் இருக்கிறது.

பதில் வராத அனுபவமும் ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்கு உண்டு. தாய்ப்பால் கிடைக்காத கைக்குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். அடுத்தவர் பிள்ளைக்கு, அதுவும் எந்தச் சாதி என்று தெரியாத பிள்ளைக்கு, பால் கொடுக்க ஊரில் யாரும் லேசில் முன்வரவில்லை. கண்விழித்து ஜெபித்துப் பார்த்துக்கொண்ட குழந்தைகளில் சிலர் இறந்தார்கள். 1912 ஆகஸ்டில் வாக்கர் மசூலிப்பட்டினத்தில் கூட்டங்கள் நடத்தப் போன இடத்தில், கெட்டுப்போன உணவால் நோயுற்றுத் திடீரென்று இறந்தார். மனைவி அப்போது இங்கிலாந்தில் இருந்தார். அடுத்த வருடம் ஜூலையில் ஏமியின் தாயார் அங்கே காலமானார். அதே காலத்தில்தான் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

கட்டிலின் மேல் ஓலை

பொன்னம்மாள் இளம் வயதிலேயே கணவனை இழந்த தமிழ்ப் பெண். ஊர் ஊராகப் போன நாட்களிலிருந்தே ஏமியோடு இருந்தவர். நெய்யூரில் கைக்குழந்தைகளுக்காக ஒரு வீடு நடத்தியபோது அதன் பொறுப்பு முழுவதும் அவருடையது. பால் புட்டி கழுவுவதிலிருந்து மருந்து அளப்பதுவரை அவர் கண் படாமல் எதுவும் நடக்காது. டோனாவூரில் அடுத்த தலைமுறைப் பெண்கள் அவரிடம்தான் வேலை பழகினார்கள். ஏமிக்கு அவர் வலது கை என்று சொல்வது மிகை இல்லை.

நாகர்கோவிலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏமி உடனிருந்து பார்த்துக்கொண்டார். கொஞ்சம் தேறியதுபோல இருந்தது, பிறகு நோய் திரும்ப வந்தது. வீடே ஜெபித்தது, சின்னப் பிள்ளைகள் உட்பட. அப்போது, ஜெபத்தினால் சுகம் கிடைப்பதில் உறுதியான நம்பிக்கை கொண்ட நண்பர்கள் வந்தார்கள். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறபடியே, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது என்று முடிவானது.

எல்லாரும் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். வெற்றிக்கு அடையாளமாக ஓர் ஓலையைக் கொண்டுவந்து கட்டிலின் குறுக்கே வைத்தார்கள். இந்த ஓலை கவனிக்க வேண்டியது. “சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசிக்கிறோம்” என்று அறிக்கை செய்ய அவர்கள் அதை வைக்கவில்லை. சரீரத்தில் சுகம் வந்தாலும் வராவிட்டாலும் வெற்றி கர்த்தருடையது, எந்தப் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லித்தான் வைத்தார்கள். அதே சமயம் கேட்டது சுகத்தைத்தான். அதில் பூசிமெழுகவில்லை.

அன்றிலிருந்து பொன்னம்மாளின் நிலை மோசமாகத் தொடங்கியது. தேறவும் இல்லை, முன்பிருந்தபடியே நிற்கவும் இல்லை. மருந்துக்கும் அடங்காத வலி வந்தது, நாட்கணக்கில். 1915 ஆகஸ்ட் 26 அன்று அவர் இறந்தார்.

இப்போது வசனத்தை எடுத்துப் பாருங்கள். “அப்பொழுது விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும், கர்த்தர் அவனை எழுப்புவார்.” ஒருவேளை, சில சமயம் என்றெல்லாம் யாக்கோபு எழுதவில்லை. செய்யச் சொன்னதைச் செய்தார்கள். நடக்கும் என்று எழுதியிருந்தது நடக்கவில்லை.

இந்த இடத்தில் நம் சபைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்களை எல்லாரும் கேட்டிருப்போம். முதலாவது, விசுவாசம் போதவில்லை. நாளைக்கு அரிசி வரும் என்று நம்பி இன்றைக்கு உலை வைத்த கூட்டத்துக்கு விசுவாசம் போதவில்லை என்றால், வேறு யாருக்குத்தான் போதும்? இரண்டாவது, மறைவான பாவம் இருந்திருக்கும். யோபுவின் நண்பர்கள் ஒரு புத்தகம் முழுக்க இதைத்தான் சொன்னார்கள், கடைசியில் கர்த்தரிடம் கடிந்துகொள்ளப்பட்டவர்கள் அவர்கள். பிறவிக்குருடனைக் காட்டி “இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ” என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். மூன்றாவது, கடைசி நாளில் எழுப்புவார் என்பதுதான் அர்த்தம். நோயாளிக்கு எண்ணெய் பூசச் சொல்லும் பத்தியில் இந்த அர்த்தத்தை நுழைக்க ரொம்பவே சிரமப்பட வேண்டும். நான்காவது, தேவசித்தம். இது உண்மையாக இருக்கலாம். ஆனால் கேட்டவரின் வாயை அடைக்க இதைப் பயன்படுத்தும்போது விளக்கமாக இல்லாமல் கதவைச் சாத்துவதாகிவிடுகிறது.

வேதாகமமே இந்த விஷயத்தில் நம்மைவிட வெளிப்படையாக இருக்கிறது. அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தில் ஏரோது, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைச் சிறையிலிருந்து தூதன் வெளியே கொண்டுவருகிறான். ஒரே சபை, ஒரே ஆண்டவர். யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. பவுலின் கையிலிருந்து போன துணிகளால் எபேசுவில் நோயாளிகள் குணமானார்கள். அதே பவுல் பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்கிறார், போகிற போக்கில், காரணம் சொல்லாமல். சங்கீதம் 88 இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் வரும் “ஆனாலும் நான் துதிப்பேன்” அதில் இல்லை. அதையும் ஜெபமாகத்தான் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

யாக்கோபின் வாக்கையும் மிலேத்துவின் நோயாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றை வெட்டி மற்றொன்றோடு பொருத்தாமல் விட்டிருக்கிறது வேதம். டோனாவூரும் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. பொன்னம்மாளின் வாழ்க்கையைப் பற்றி ஏமி எழுதிய புத்தகம் 1918-ல் வந்தது. ஜெபத்துக்குப் பின் நிலை மோசமானதை அதில் மறைக்கவில்லை. மிஷனரிப் புத்தகங்கள் என்றால் வெளிநாட்டில் வாசிப்பவர்கள் உற்சாகம் அடைய வேண்டும், காணிக்கை வர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலம். ஏமி 1903-லேயே, இங்கே மிஷனரி வேலை நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதி, உற்சாகமூட்டுவதாக இல்லை என்ற குறையைக் கேட்டவர். பதினைந்து வருடம் கழித்தும் பழக்கம் மாறவில்லை. ஜெபித்தோம், மோசமானது என்று அச்சில் போடுவதற்கு, ஜெபித்தோம், சுகமானது என்று போடுவதைவிட அதிக விசுவாசம் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

களக்காடு, 1931

அக்டோபர் 24. ஏமிக்கு 63 வயது. அன்று காலை அவர் ஒரு ஜெபம் செய்கிறார்: உமக்கு ஊழியம் செய்யவும் என் அன்பானவர்களுக்கு உதவவும் என்னைத் தகுதியாக்குவதற்கு எதை வேண்டுமானாலும் செய்யும், ஆண்டவரே.

அன்று மாலை களக்காட்டுக்குப் போகிறார். அங்கே மருத்துவ வேலைக்காக வாடகைக்கு எடுத்திருந்த வீடு, பேய் வீடு என்று ஊரில் பேர் வாங்கியது, தயாராகிக்கொண்டிருந்தது. சாவி கைக்கு வரத் தாமதமாகி, உள்ளே போகும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. கழிப்பறைக்கென்று ஒரு குழியை வேறிடத்தில் வெட்டுவதற்குப் பதில் வாசலை ஒட்டி வெட்டியிருக்கிறார்கள். ஏமி அதற்குள் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. இரவோடு இரவாக நாற்பது மைலுக்கு மேல் வண்டியில் நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எழவில்லை. ஒன்றோடு ஒன்றாக வேறு உபாதைகளும் சேர்ந்தன. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் நடுவே ஓடிக்கொண்டிருந்தவருடைய உலகம் ஓர் அறைக்குள் சுருங்கியது. 1948 ஜூனில் அந்த அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார், அதற்குப்பின் படுக்கைதான். 1951 ஜனவரி 18 அன்று இறந்தார். பத்தொன்பது வருடத்துக்கு மேல். அவர் சுகத்துக்காக ஜெபம் நிற்கவில்லை. நடுவில், 1939-ல், தனக்குப்பின் பொறுப்பை ஏற்பார் என்று அவர் நம்பியிருந்த அருளாயியும் நோயில் இறந்துபோனார். பொன்னம்மாளுக்கு நடந்ததே இரண்டாம் முறையும் நடந்தது.

இங்கேயும் நீலக்கண் விளக்கம் ஒன்று தயாராக இருக்கிறது. படுக்கையில் கிடந்த காலத்தில் அவர் பத்துப் புத்தகங்களுக்கு மேல் எழுதினார், உலகம் முழுக்க நோயாளிகள் வாசித்தார்கள், ஆகவே குழி கர்த்தருடைய ஏற்பாடு என்பார்கள். காலையில் செய்த ஜெபத்துக்கு மாலையில் வந்த பதில் என்றும் சொல்லிவிடலாம். புத்தகங்கள் வந்தது உண்மை, பலர் பலன் அடைந்ததும் உண்மை. ஆனால் அவற்றை எண்ணி, முறிந்த காலுக்கு ஈடு என்று கணக்கு முடிப்பது படுக்கையில் கிடந்தவரின் வேலை அல்ல. பக்கத்தில் ஆரோக்கியமாக நிற்பவர்களின் அவசரம். புத்தகம் எழுதக் கால் முறிய வேண்டிய அவசியம் இல்லை, அவர் முன்பும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

ஏமியே 1933-ல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற புத்தகத்தை, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக வெளியிட்டார். நோயாளிகளுக்கென்று வரும் ஆறுதல் துண்டுப்பிரதிகளைப் படித்துப் பார்த்தேன், சுகமாயிருப்பவர்கள் எழுதியவை, என்னைத் தொடவில்லை என்கிற அர்த்தத்தில் அதில் சொல்கிறார். வலி தீர்ந்தபின் எழுதினால் வேறு மாதிரி வந்துவிடும், ஆகவே வலி இருக்கும்போதே எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆஸ்பத்திரிக்கு வசன அட்டையோடு பார்க்கப் போகிறவர்கள் ஒரு தடவை யோசிக்க வேண்டிய விஷயம் இது.

1936-ல் வெளியான அவருடைய கவிதைத் தொகுப்பில் ஒரு கவிதை இருக்கிறது. துக்கப்பட்ட ஒருவன் சமாதானம் தேடுகிறான். மறந்துவிடுகிறேன் என்கிறான்; கிடைக்கவில்லை. வேலைமேல் வேலையை இழுத்துப்போட்டுக்கொள்கிறேன் என்கிறான்; அதிலும் இல்லை. ஒதுங்கிப்போய் அமைதியாக இருந்துவிடுகிறேன் என்கிறான், அதுவும் ஆகவில்லை. சரி, தோற்றுவிட்டேன், பணிந்துபோகிறேன் என்கிறான். பணிந்துபோவதிலும் சமாதானம் இல்லை என்று சொல்லிவிடுகிறது கவிதை. கடைசியில், இந்தத் துக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், இதன் காரணத்தைத் தேவன் நாளைக்குத் தன் பிள்ளைக்குச் சொல்வார் என்கிறான். அங்கேதான் கிடைக்கிறது.

நாலாவது கட்டம்தான் என்னை நிறுத்தியது. தோற்றுப்போய் அடங்கிப்போவதை நாம் பெரும்பாலும் பக்தி என்றே நினைக்கிறோம். “என்ன செய்ய, அவர் சித்தம்” என்று சொல்லும் வீடுகளில் உள்ளே ஒரு கசப்பு உறைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏமி அதை வேறு, ஏற்றுக்கொள்வது வேறு என்று பிரிக்கிறார். இரண்டாவதில் கேள்வி உயிரோடு இருக்கிறது. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டாகிவிட்டது, பதிலுக்கு நாள் குறித்தாகவில்லை, அவ்வளவுதான். “நான் செய்கிறது இன்னதென்று இப்பொழுது நீ அறியாய், இனிமேல் அறிவாய்” என்று இயேசு பேதுருவிடம் சொன்னதும் இதே தோரணையில்தான் இருக்கிறது. நீலக்கண் கதையில் அந்த ‘இனிமேல்’ இந்த ஆயுளுக்குள்ளேயே வந்துவிட்டது. பொன்னம்மாளின் கட்டிலருகே நின்றவர்களுக்கு வரவில்லை.

எங்கே ஏற்றுக்கொள்வது, எங்கே கூடாது

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஏற்றுக்கொள்ளுதல் என்ற பேரில் எதையும் யார் தலையிலும் கட்டிவிடலாம். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனை ஏற்றுக்கொள், சிலுவையைச் சுமந்துகொள் என்று பெண்களிடம் சொல்லும் போதகர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஏமியை இதற்குச் சாட்சியாக இழுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். நோயையும் மரணத்தையும் ஏற்றுக்கொண்ட அதே பெண், சிறு பிள்ளைகளுக்கு மனிதர்கள் செய்ததை ஒரு நாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1911-ல் ஒரு சிறுமியைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுமி மறைந்துபோனாள், கைமாறிக் கைமாறி வெளிநாடு போய்ச் சேர்ந்தாள். சிறைக்குப் போக வேண்டிவரலாம் என்று தெரிந்தும் ஏமி பின்வாங்கவில்லை. பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது. அதற்காகச் சட்டமன்றத்தில் முதலில் போராடியவர் முத்துலட்சுமி ரெட்டி. ஏமி அப்போது நோயாளியாக அறைக்குள், ஆனால் உயிரோடு இருந்தார்.

நோய் விஷயத்திலும் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பொன்னம்மாளுக்கு ஜெபமும் நடந்தது, நாகர்கோவில் அறுவை சிகிச்சையும் நடந்தது. ஒன்று இன்னொன்றின்மேல் அவிசுவாசம் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் இறந்தபின் டோனாவூர் சுகத்துக்காக ஜெபிப்பதையும் விடவில்லை, மருத்துவர்கள் வேண்டும் என்று கேட்பதையும் விடவில்லை. பின்னாளில் அங்கேயே ஒரு மருத்துவமனை எழுந்தது. மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்லும் ஊழியர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம். இன்சுலினை நிறுத்தச் சொன்னவர்களை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஆக, நாளைக்கு நம் சபையில் ஒருவர் இப்படிப் படுத்துவிட்டால்? யாக்கோபு சொன்னபடி மூப்பர்களைக் கூப்பிடலாம், எண்ணெய் பூசலாம், சுகத்தை வாய்விட்டுக் கேட்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தொடரலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நோயாளி “ஏன்” என்று கேட்டால் 88-ம் சங்கீதத்தை எடுத்துக் கூட உட்கார்ந்து வாசிக்கலாம், கடைசி வசனத்துக்குப் பிறகு நாமாக எதையும் சேர்க்காமல். சுகமானால் சாட்சி சொல்லச் சொல்வோம், மைக்கைக் கையில் கொடுப்போம். ஆகாவிட்டால், மூன்றாம் மாதமோ ஆறாம் மாதமோ, அந்த வீட்டார் எழுந்து “ஜெபித்தோம், மோசமானது, இன்னும் அவரையே நம்புகிறோம், ஏன் என்று தெரியவில்லை” என்று சொல்லவும் அதே மைக்கைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும் சபைகள் இப்போதைக்கு எங்கள் பக்கத்தில் குறைவு.